மெத்தைக் கடையில் அமுக்குவான்

மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவன் கண்ணெதிரிலேயே படுத்துப் புரளுவார்கள், அவன் மட்டும் இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தொண்ணூற்று நாலில் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு கடையில் சேர்ந்தேன். பஞ்சு, தேங்காய் நார், ஃபோம் என்று எல்லா மெத்தையும் இருந்தது. அப்போதெல்லாம் பெங்களூரில் ஃபேன் போடாமலே தூங்கலாம். ஒரு போர்வையும் ஒரு மெத்தையும் இருந்தால் ராஜா மாதிரி. அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட கடையில் இருந்துகொண்டு, நான் ஒருத்தன் மட்டும் தூக்கத்தைக் கண்டு நடுங்கினேன்.

காரணம் அமுக்குவான். அவஸ்தைப்பட்ட சகோதர சகோதரிகளுக்கு விளக்க வேண்டாம். மற்ற புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். முழிப்பு வந்துவிடும், கண் தெரியும், காது கேட்கும், கை கால் மட்டும் அசையாது. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கத்தினால் சத்தம் தொண்டையோடு நின்றுவிடும்.

எனக்கு அதற்கு மேலும் ஒரு பயம். எங்கப்பா பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தார். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வயசு நாற்பதுகூட ஆகவில்லை. டாக்டர் ஹார்ட் அட்டாக் என்றார். சொந்தக்காரர்கள் அமுக்குவான் வந்து அமுக்கிவிட்டது என்றார்கள். டாக்டர் பேச்சு காதோடு போனது, சொந்தக்காரர்கள் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டது. அந்த வருஷமே எனக்கும் அமுக்கம் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும், ‘சரி, அப்பா போன வழியில் நாமும் கிளம்பியாச்சு’ என்றுதான் நினைப்பேன்.

டெமோ

ஒரு மத்தியானம் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. அவருக்கு நார் மெத்தை வேண்டும், அந்தம்மாவுக்கு ஃபோம் வேண்டும். படுத்துப் பாருங்கள் என்றால் வெட்கம். “நீங்களே படுத்துக் காட்டுங்களேன்” என்றார்கள். முந்தின ராத்திரி பயத்தில் கண்ணை மூடாதவன் நான். வயிற்றில் அப்போதுதான் சாப்பிட்ட ராகி முத்தை, நம்ம களிதான். ஃபோமில் படுத்தேன். அவர்கள் சண்டை நீண்டுகொண்டே போக, நான் தூங்கியே போய்விட்டேன்.

முழித்தால், அமுக்குவான்! ஃபேன் சுற்றுவது தெரிகிறது, அவர்கள் பேசுவது கேட்கிறது, விரல் அசையவில்லை. ‘அய்யா, யாராவது தொடுங்களேன், ஒரு தடவை உலுக்குங்களேன்’ என்று உள்ளுக்குள்ளேயே அலறுகிறேன். அந்தம்மா குனிந்து என் முகத்தையே பார்த்தார். உலுக்கப் போகிறார், பிழைத்தோம் என்று நினைத்தேன். அவர் புருஷன் பக்கம் திரும்பிச் சொன்னார்: “ஏங்க, இதையே எடுத்துக்கலாம். கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறாரு பாருங்க!”

திரும்பி வந்த மெத்தை

நீலசந்திராவிலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி, எங்களிடம் வாங்கின பஞ்சு மெத்தையை ஆட்டோ கூரையில் கட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் பொத்தென்று போட்டார். “இதுக்குள்ள ஏதோ இருக்கு சார். படுத்தா வந்து அமுக்குது. எனக்கு இது பேடா, வேண்டவே வேண்டாம்” என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. நம்ம கேஸ் இன்னொருத்தரும் ஊரில் இருக்கிறாரே! ஆனால் கடையில் நின்றுகொண்டு, “எனக்கும் அமுக்குது அண்ணே” என்று எப்படிச் சொல்வது? அப்புறம் மெத்தை விற்ற மாதிரிதான்.

எங்கள் கடையில் மெத்தை தைக்கிறவர் அன்வர் பாய். அவருடைய தையலைக் குறை சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். விறுவிறுவென்று தையலைப் பிரித்தார். பஞ்சு முழுவதையும் வாசலில் கொட்டிக் கிளறினார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பேயைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். கடைசியில் பஞ்சுக்குள்ளிருந்து ஒரு சீப்பு வந்தது. தைக்கும்போது பாய் தொலைத்த சீப்பு. அதை வெயிலில் தூக்கிக் காட்டிப் பாய் சொன்னார்: “அரே மேஸ்திரி, உள்ள ஷைத்தான் இருந்தா இந்தச் சீப்பால தலை வாராம வுட்ருக்குமா? இதுல ஒரு முடி காட்டு பாக்கலாம்!”

வசந்தாவின் வைத்தியம்

தொண்ணூற்றெட்டில் எனக்குக் கல்யாணம். பெண்டாட்டியிடம் அமுக்குவான் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டிவி பார்க்கிற சாக்கில் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினேன். உட்கார்ந்தால் அமுக்காது என்று ஒரு கணக்கு. மெத்தைக் கடைக்காரன் வீட்டில் புது மெத்தை, அதில் புதுப் பெண் தனியாக! எத்தனை நாள்தான் பொறுப்பாள்? “என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, எங்க வீட்டுக்குப் போயிடறேன்” என்று வசந்தா ஒருநாள் அழுதேவிட்டாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் கொட்டினேன், அப்பா போன கதை உட்பட. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் நெஞ்சில் ஒயரை எல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஹார்ட் கல்லு மாதிரி இருக்கிறது, இது தூக்கத்தில் வருகிற கோளாறு, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார். அது போதவில்லை அவளுக்கு. கட்டிலுக்கு அடியில் விளக்குமாறும் பழைய செருப்பும் போட்டாள், தலைமாட்டில் அரிவாள்மனையை வைத்தாள். புரண்டு படுத்தால் காது போய்விடும் என்று அமுக்குவானை விட அரிவாள்மனைக்கு அதிகமாகப் பயந்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவள் சொன்னாள்: “சிரிங்க, நல்லா சிரிங்க. உங்கப்பா போன வயசை நீங்க தாண்டுற வரைக்கும் இதெல்லாம் இங்கேதான் இருக்கும்.”

மூக்கைப் பிடித்தேன்

இரண்டாயிரம் பிறந்ததும் கடைக்கு சாஃப்ட்வேர் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கட்டில் கிடையாது, மெத்தையை அப்படியே தரையில் போட்டுக்கொள்வார்கள். அப்படி வந்த ஒரு மதுரைப் பெண்ணிடம், “நல்லா தூக்கம் வரும்மா” என்று வழக்கமான பல்லவியைப் பாடினேன். “தூக்கத்தை விட கனவுதான்ணா எனக்கு முக்கியம்” என்றாள். கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளலாமாம். இன்டர்நெட்டில் படித்துப் பழகியிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத பெண்ணிடம் என் அமுக்குவானைப் பற்றிச் சொன்னேன்.

“திமிறாதீங்கண்ணா. திமிறினாத்தான் பயம் ஜாஸ்தியாகும். அப்படியே விட்டுடுங்க, கனவுக்குள்ள போயிடுவீங்க. உட்கார்ந்திருக்கிறது யாருன்னு தலையைத் திருப்பிப் பாருங்க” என்றாள். பத்து வருஷத்தில் நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்னொரு பயிற்சியும் சொன்னாள். பகலில் அடிக்கடி மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். மூச்சு வந்தால் கனவு, வராவிட்டால் நிஜம். பகலில் பழகினால் கனவிலும் கை தானாக மூக்குக்குப் போகுமாம். விடாமல் செய்தேன். ஒருநாள், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த கன்னடப் பெரியவர் ஒருவருக்கு மெத்தையை விரித்துவிட்டு, ஞாபகமாக மூக்கைப் பிடித்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டு தமிழிலேயே கேட்டார்: “ஏன் ஸ்வாமி, செத்தவங்க படுத்த மெத்தையா இது?”

முதல் வெற்றி

அப்புறம் ஒருநாள் பலித்தது. கடையில் நின்று ஒரு கட்டிலை அளக்கிறேன். டேப்பில் ஆறுக்கு அப்புறம் இருபது வந்தது. அடுத்தது ஒரு கன்னட எழுத்து. மூக்கைப் பிடித்தேன். மூச்சு ஜம்மென்று உள்ளே போகிறது! கனவு! நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், அது எனக்கே தெரிகிறது. சந்தோஷத்தில் குதித்தேன். பறக்கலாம், கடலைப் பார்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் கனவுக்குள் வந்து, “தலைகாணி ரெண்டு ஃப்ரீயா தருவீங்களா?” என்று கேட்டார். பாருங்கள், தொழில் புத்தி! ரெண்டு முடியாது, ஒன்றுதான் என்று மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். பேரம் படிவதற்குள் விடிந்துவிட்டது. ஆனாலும் கிடைத்த வெற்றியை வசந்தாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: “கனவுலயும் கடைதானா? என்னை ஒரு நாள் கப்பன் பார்க்குக்காவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?”

உட்கார்ந்திருந்தவர்

அப்பா போன வயசை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். வசந்தா வெளியில் சொல்லவில்லை, ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பு இரண்டு ஜோடி ஆகியிருந்தது. நானும் வெளியில் சொல்லவில்லை. எங்களுக்கு நாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். தினமும் தூங்கப் போகும்முன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன், நாளைக்குப் பார்க்க முடியுமோ முடியாதோ என்று.

ஒரு லீவு நாள், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற சத்தம் கேட்கிறது, அசைய முடியவில்லை. கட்டில் ஓரம் அமுங்கியது. மெத்தையில் ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்கும் என்று எனக்கா தெரியாது? அந்த மதுரைப் பெண் சொன்னபடி திமிறாமல் விட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்று சொல்வார்களே, அப்படித்தான் தலையைத் திருப்பினேன். திரும்பியது.

அப்பா. ஃபேக்டரி காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னை அமுக்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மாதிரி, உள்ளங்கையால் மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பிடித்தேன், மூச்சு போனது. கனவு என்று நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் அழுகை வந்துவிட்டது. “அப்பா, தூங்கவே பயமா இருக்குப்பா. உங்களை மாதிரி எழுந்திருக்காமலே போயிடுவேனோன்னு பயமா இருக்கு” என்றேன். கனவை நான் திருப்பலாம், நிறுத்தலாம், அதெல்லாம் பழகியிருந்தேன். ஆனால் அவர் என்ன பதில் சொல்வார் என்பது மட்டும் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் குரலில், மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டி, அப்பா சொன்னார்: “பேசாமத் தூங்குடா. நான் எழுப்பி விடறேன்.”

தூங்கினேன். அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்னால் தூங்கினதில்லை. முழித்தபோது வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து, என் மூக்குக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நான் அப்பாவை விட வயசில் பெரியவன்.

ஆக மொத்தம், இத்தனை வருஷம் நான் ஊருக்கெல்லாம் விற்றது மெத்தை மட்டும்தான், தூக்கம் என்கிற சரக்கு எங்கள் கடையில் ஒருநாளும் ஸ்டாக் இருந்ததில்லை.