பத்தியச் சோறும் கண்ணாடி டப்பாவும்

மகள் பிரசவத்துக்காக வீராம்பட்டினத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்த பிறகு, பால்சுறா தேடுவதுதான் எனக்கு விடிந்ததும் முதல் வேலை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு போடுவது எங்கள் வழக்கம். மிளகாய் பேருக்கு, பூண்டு கைநிறைய.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்தார். பால் கொடுக்கும் தாய்மார்களின் சாப்பாட்டில் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்று பார்க்கிறார்களாம். பூச்சிமருந்து, பிளாஸ்டிக் எரிக்கிற புகை, பழைய மிஷின் எண்ணெய் இவற்றில் இருக்கும் சில ரசாயனங்கள் லேசில் அழியாது, கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார். சின்ன மீனில் கொஞ்சம் இருந்தால், அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்து சேர்ந்து அதிகமாகுமாம். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கே புரிந்தது.

மகள் என்ன சாப்பிடுகிறாளோ, அதிலேயே அதே அளவு இன்னொரு பங்கைக் கண்ணாடி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். அதை மிஷினில் வைத்துப் பரிசோதிப்பார்களாம். மகள் சரி என்றாள்.

டப்பா எடுக்க அவர் வந்தபோது மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் தட்டைப் பார்த்தார், டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“அம்மா, தட்டுல சுறாப்புட்டு இருக்கு. டப்பாவுல வஞ்சிரம் வறுவல் இருக்கே?”

“பத்தியச் சோத்தப் போயி வந்தவங்களுக்குக் குடுப்பாங்களா?” என்றாள் என் மனைவி. “காரமே இல்லாம எப்படி வாயில வைப்ப?”

“எனக்கு இல்லம்மா. மிஷினுக்கு.”

“அதுக்கு மட்டும் வாய்க்கு ருசியா வாணாமா?”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டப்பாவில் எடுத்து வைப்பதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. சிரித்து முடித்த மகள் திடீரென்று கேட்டாள்: “அப்ப நான் துன்றது பால்லயும் வருமாக்கா?”

“கொஞ்சம் வரும்தான்...” அதற்கு மேல் சொல்வதற்குள் அவருடைய வண்டிக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். அவரும் கிளம்பிப் போய்விட்டார்.

மகள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் குழந்தையை மார்பில் விடவில்லை. பால் கட்டிக்கொண்டு வலியில் முகம் சுருங்கினாள். பால்பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னாள்.

“உன்னையும் இதத் துன்னுதான்டி வளத்தேன். செத்தா போய்ட்ட?” என்றாள் மனைவி.

“அப்போ கடல்ல இம்மாங் குப்பை இருந்துச்சா?”

குழந்தை கைவிரலைச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது.

கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். ஆனால் மகளின் பாலைப் பற்றி வெளிப்பெண் ஒருவரிடம் ஆண்பிள்ளை எப்படிக் கேட்பது? மீன் ஏலத்தில்கூட வாய்திறந்து விலை கேட்கக் கூச்சப்படுகிறவன் நான். அன்று சாயங்காலம் புது டப்பாவை எடுக்க அவர் வந்தபோது ஆட்டோ பக்கத்தில் குந்திக்கொண்டு டயரை அழுத்திப் பார்த்தபடி இருந்தேன். அவர் தாண்டிப் போகப் பார்த்தார்.

டயரைப் பார்த்தே கேட்டுவிட்டேன். “பாலு குடுக்கலாமா, வாணாமாம்மா?”

அவர் முகம் மாறியது. “நிறுத்திட்டாங்களா? ஐயோ, நேத்தே முழுசாச் சொல்லியிருக்கணும். கண்டிப்பாக் குடுக்கணும்ப்பா. கொஞ்சம் கலந்திருந்தாலும், அதுக்குப் பயந்து தாய்ப்பால நிறுத்தக் கூடாது. டாக்டருங்களும் அதத்தான் சொல்றாங்க. தினம் சுறாவே போடாம, நெத்திலி, காரப்பொடின்னு சின்ன மீனா மாத்தி மாத்திப் போடுங்க.”

“இத நான் எப்படிம்மா அவகிட்ட...”

நான் முடிப்பதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வெளியிலேயே நின்றேன். முதலில் அவர் பேசுவது கேட்டது. பிறகு மகள் அழுவது கேட்டது. மனைவி இடையில் ஏதோ அதட்டினாள். குழந்தை பெரிதாகக் கத்தி, சட்டென்று நிறுத்தியது.

மனைவி வாசலுக்கு வந்தாள். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, “குடிக்கிது” என்றாள். “நீ போயி நெத்திலி இருக்குதான்னு பாரு. வண்டிய இங்க ஸ்டார்ட் பண்ணாதய்யா, பயந்துக்கும்.”

தெருமுனை வரைக்கும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே போனேன்.