அலெக்ஸாண்டிரியாவில் மீன் பொறுக்கியவர்கள்

மாலை ஐந்து மணி நான்கு நிமிடத்துக்குச் சாப்பாட்டு மேசை நகர்ந்தது. அதன் மேல் பரப்பி வைத்திருந்த பசை, கத்தரிக்கோல், வண்ண அட்டை எல்லாம் தம்பியின் பக்கம் சரிந்தன. சமையலறை அலமாரி தானாகத் திறந்து எவர்சில்வர் டம்ளர்களைக் கொட்டியது. பிறகு விளக்கு அணைந்தது. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா அம்மா குடியேறியிருந்த சான் ரமோன் என்ற ஊரில், எங்கள் வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற வாரம் வந்த நடுக்கம். மிகச் சின்னது, செய்தியில்கூடப் பெரிதாக வரவில்லை. என் மகள் போனை எடுக்காத அந்தக் கொஞ்ச நேரத்தில், அலுவலக பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மேசையில் இருந்தது என் ஆறாம் வகுப்பு ப்ராஜெக்ட். பழங்காலத்தில் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்து, அந்த ஆண்டில் உலகமெங்கும் என்ன நடந்தது என்று அட்டையில் காட்ட வேண்டும். நான் கி.பி. 365-ஐ எடுத்தேன். வருடத்துக்கு அத்தனை நாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கான்ஸ்டான்டிநோபிளில் ஒருவன் தன்னைத்தானே பேரரசன் என்று அறிவித்துக்கொண்டான். சீனாவில் லோயாங் நகரம் கைமாறியது. இந்தியாவுக்குத்தான் நூலகத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"காஞ்சிபுரத்துல பல்லவர் இருந்திருப்பாங்க. ஆனா அந்த வருஷம் என்ன பண்ணாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா, முந்தின இரவு.

"என்ன பண்ணியிருப்பாங்க, வரி போட்டிருப்பாங்க. எழுதிக்கோடி," என்றாள் அம்மா.

அட்டையின் நடுவில் பெரிதாக அலெக்ஸாண்டிரியாவை வரைந்திருந்தேன். அந்தக் கோடையில் முதலில் பூமி ஆடியது. பிறகு கடல் பின்வாங்கித் தரை தெரிந்தது. சேற்றில் துள்ளிய மீன்களைக் கையால் பொறுக்க ஜனங்கள் இறங்கினார்கள். அப்புறம் கடல் திரும்பி வந்தது. வீட்டுக் கூரைகள் மேல் கப்பல்கள் கிடந்தன.

இப்போது பூமி ஆடியிருந்தது.

போனை எடுத்தேன், உயிரே இல்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார ஆன்ட்டி எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா வரும்வரை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, பிள்ளைகள் தனியாக இருப்பது தெரிந்தால் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தம்பியின் வாயைப் பொத்தினேன். அவர் போனதும், கடல் வரப்போகிறது என்று சொல்லி அவனை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறி, வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறினேன். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே மலைத்தொடரே இருந்தது. பள்ளி வரைபடத்தில் அது கட்டைவிரல் அகலம்தான்.

மேலே காய்ந்த புல்லில் மாடுகள் எதுவும் நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருந்தன. ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"வாட்டர் எங்கக்கா?"

"வரும். முதல்ல போகும், அப்புறம் வரும்."

"ஐ வான்ட் சீரியல்."

"பேசாம இரு. உசுரோட இருந்தா நாளைக்குச் சாப்பிடலாம்."

அவன் அழ ஆரம்பித்தான்.

இருட்டத் தொடங்கியபோது தெருவில் அம்மாவின் கார் வந்தது. முன்விளக்கை அணைக்காமல், கார்க் கதவையும் மூடாமல் வீட்டுக்குள் ஓடினாள். வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், எதிர் வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, மேல வா! மேல வா!" என்று கத்தினேன். காற்று எங்கள் முகத்துக்கு எதிரே அடித்தது, குரல் கீழே போகவில்லை. அம்மா தெருவில் நின்ற கார்களுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். அலெக்ஸாண்டிரியாவில் மீன் பொறுக்கியவர்களும் இப்படித்தான் குனிந்திருப்பார்கள் என்று தோன்றியது. தண்ணீர் வருகிற நேரத்தில் எதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்? இறங்கிப் போய் இழுத்து வரலாம். ஆனால் இறங்கினால் தம்பியும் கூடவே வருவான். அவன் கையை விடாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பிறகு அம்மா நடுத்தெருவில், கார் வெளிச்சத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு, எழுந்து ஓடு என்று கத்தினேன். எழுந்திருக்கவில்லை.

கடைசியில் வந்தவர் அப்பா. சிக்னல் எல்லாம் செத்துப்போன ரோட்டில் லிவர்மோர் ஆபீஸிலிருந்து ஊர்ந்து வந்திருக்கிறார். பின்பக்க கேட் திறந்து கிடந்ததைப் பார்த்து, டார்ச்சோடு, ஆபீஸ் ஷூ புல்லில் வழுக்க வழுக்க ஏறினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"தண்ணி வந்துடுச்சாப்பா?" என்றேன்.

அவர் என் தலையைத் தொட்டார். தம்பியின் தலையைத் தொட்டார். திரும்பவும் என் தலையை. மூச்சு வாங்கியது.

"ஒரு தண்ணியும் வரல. உங்கம்மா ரோட்டுல உக்காந்துட்டா, அவளால எந்திரிக்க முடியல. வா, முதல்ல வந்து மூஞ்சியக் காட்டு."

அம்மாவுக்குக் காலில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.