மலையைச் சுற்றும் சிக்னல்

நாங்கள் விற்பது சிம் கார்டு மட்டும்தான், சிக்னலை விற்பது வேறு ஆள். இதைப் புரியவைப்பதிலேயே எங்கள் தொழிலில் பாதி நாள் போய்விடும். மொட்டை மாடியில் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். "கேக்குதா, கேக்குதா" என்று பத்துத் தடவை கத்திவிட்டு ஒன்றுமே பேசாமல் வைத்திருப்பீர்கள். வராத ஓடிபிக்காக இன்பாக்ஸையே முறைத்திருப்பீர்கள். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து யாரையாவது திட்டியும் இருப்பீர்கள் அல்லவா, அந்த யாரோதான் நான்.

என் பெயர் ஷமீம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், கிரிவலம் போகிறவர்கள் நடக்கிற ஓரத்திலேயே எங்கள் கடை. முன் மேஜையில் நான். புது சிம், பழைய சிம் மாற்றுவது, நம்பர் மாறாமல் கம்பெனி மாறுவது, எல்லாம் என் பொறுப்பு. பின் மேஜையில் என் வீட்டுக்காரர் இப்ராகிம். உடைந்த டிஸ்ப்ளேவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அவ்வப்போது ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தை என் நாலு நாள் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஊருக்குப் பக்கத்தில் இத்தனை பெரிய மலை உட்கார்ந்திருந்தால் டவர்தான் என்ன செய்யும்? கிழக்கே பிய்த்துக்கொண்டு ஓடுகிற கம்பெனி மேற்கே போனால் படுத்துவிடும். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம் இருக்கிறது. எந்த லிங்கத்துக்கிட்டே எந்தக் கம்பெனி எடுக்கும், எது எடுக்காது என்று இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து வரிசை தப்பாமல் சொல்வேன். ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் இப்படி ஒப்பிப்பதைப் பார்த்து பக்கத்துப் பூக்கடைக்காரருக்கு இன்னமும் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்று கம்பெனி மாறியவர்

வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர். ஒரே வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டார். "சாயங்காலம் ஆறு மணி ஆனா சிக்னல் செத்துடுது. இவனுங்க எல்லாம் ஃப்ராடு" என்று நாலாவது கம்பெனிக்கு மாற ஒரு ராத்திரி ஏழு மணிக்கு வீட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தார். எனக்கும் புரியவில்லை. அது என்ன, ஆறு மணிக்கு ஆபீஸ் பூட்டுகிற மாதிரி சிக்னல் பூட்டிக்கொள்ளும்?

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே குட்டியாக ஏரோப்ளேன் படம். சார்ஜ் போடும்போது ஏரோப்ளேன் மோடில் வைத்தால் சீக்கிரம் ஏறும் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாராம். தினமும் வீட்டுக்குப் போனதும் அப்படிப் போட்டு சார்ஜில் வைப்பார், எடுக்க மறந்துவிடுவார், காலையில் அவர் மகள் எடுத்துவிடுவாள். நான் ஒரு தட்டுத் தட்டினேன். மூன்று கோடு, நாலு கோடு என்று சிக்னல் ஏறிக்கொண்டே போனது. அவர் கேட்டார்: "அப்போ அந்த மூணு பேருமே நல்லவனுங்கதானாம்மா?"

பேசாத வெள்ளைக்காரம்மா

ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பாஸ்போர்ட், விசா, போட்டோ எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்திருந்தார். எது கேட்டாலும் புன்சிரிப்பு. இவ்வளவு பொறுமையான கஸ்டமரைப் பார்த்து நாளாகிவிட்டது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஃபாரம் எல்லாம் முடித்து சிம்மைப் போட்டாயிற்று. இனி கம்பெனியிலிருந்து ஒரு ஆள் கூப்பிடுவார், பேரும் பிறந்த தேதியும் சொன்னால் ஆக்டிவேட் ஆகிவிடும். போன் அடித்தது. அந்த அம்மா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு புன்சிரித்தார். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்தி ஓய்ந்து வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது தடவையும் அதே கதை. பிறகு அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். மௌன விரதமாம், முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதாம். அவருக்குப் பதில் நான் பேசினால் அது மோசடி. அவர் பேசினால் விரதம் போச்சு. சிம்மை உறையில் போட்டுக் கொடுத்து, விரதம் முடிந்ததும் வாருங்கள் என்று கைகூப்பி அனுப்பினேன். அவர் படி இறங்கியதும் பின் மேஜையிலிருந்து வந்தது: "வாயே தெறக்காதவங்களுக்கு அன்லிமிடெட் கால் பிளான் எதுக்கு ஷமீம் போட்டுக் குடுத்தே?"

முருங்கை மரத்து போன்

மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் எடுக்கும். அது வாசல் முருங்கை மரத்தின் இரண்டாவது கிளை. போனை ஒரு வலைப் பையில் போட்டு அங்கே மாட்டி, ஸ்பீக்கரில் போட்டு, கீழே நின்று கத்துவார். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் தினமும் எட்டு மணிக்குக் கூப்பிடுவான். கூட வேலை செய்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அவன் ஒற்றைக் காலில் நிற்க, இவர் மரத்தடியில் நின்று மாட்டேன் என்பார்.

எங்கள் கடைக்கு வந்தார். அந்தப் பக்கம் நன்றாக எடுக்கிற வேறு கம்பெனிக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன், நாலைந்து நாளில் ஆகிவிடும் என்றேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் அதே தெருக்காரம்மா ஒருவர் போன் கவர் வாங்குகிற சாக்கில் வந்து, மேஜை மேல் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு சிக்னல ஜாஸ்தி பண்ணிடாதேம்மா. அவரு வீட்டுக்குள்ள போய்ப் பேச ஆரம்பிச்சுட்டா, அந்தப் பொண்ணு கதை இன்னா ஆச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கேட்காத கேள்வி

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். பழைய சிம்மைக் கொடுத்துவிட்டு அதே நம்பரில் புது சிம் வாங்கினால், இருபத்து நாலு மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. உங்கள் நம்பரில் வேறு எவனாவது சிம் வாங்கி ஓடிபியைச் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. பேசலாம், நெட் வரும், எஸ்எம்எஸ் மட்டும் கிடையாது. அதனால் சிம் மாற்றுகிற எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "நாளைக்குள்ள ஏதாவது ஓடிபி வர வேண்டியது இருக்குதா?"

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் ஆறு மணி. கடையில் ஏகப்பட்ட கூட்டம். அடி அண்ணாமலையில் சாமந்தி பயிரிடும் ஏழுமலை வந்தார். ரொம்ப காலத்துப் பழைய சிம், வீட்டுப் பக்கம் எடுக்கவே மாட்டேன் என்கிறது என்றார். புது ஃபோர்ஜி சிம் போட்டால் நன்றாக எடுக்கும் என்று மளமளவென்று மாற்றிக் கொடுத்தேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு, கூட்டம் சேருவதற்குள் சுற்றிவிடலாம் என்று கிளம்பிய ஏழுமலை, வெறுங்காலோடு எங்கள் கடையைத் தாண்டிப் போனார். நடையை நிறுத்தாமலே போனைத் தூக்கிக் காட்டி ரோட்டிலிருந்து கத்தினார்: "சிக்னல் ஃபுல்லா இருக்குதும்மா! பொண்ணுக்கு காலேஜ் சீட்டு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கினு போறேன்!"

அஞ்சு மணிக்குள்ளே

நாலு மணிக்கு அந்தப் பெண்ணே வந்து நின்றாள். பெயர் கோமதி. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அரசு காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. வேண்டும் என்று இன்றைக்கு அஞ்சு மணிக்குள் வெப்சைட்டில் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். வேறு காலேஜ் பார்க்கலாம் என்று மாமா ஒருவர் குழப்பியதில் கடைசி நாள் வரை தள்ளிவிட்டார்கள். "உள்ள போறதுக்கே ஓடிபி கேக்குதுக்கா. அப்பா நம்பருக்குத்தான் வரும். எத்தனை தடவை போட்டும், போன் பண்ணிக் கேட்டா வரலைன்றாரு. புது சிம்முல ஏதாவது கோளாறா?" என்றாள்.

நேற்று சிம் மாற்றிய நேரத்தை எண்ணிப் பார்த்தேன். எஸ்எம்எஸ் திறக்க ஆறு மணி ஆகும். அஞ்சு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். இந்தப் பெண் ராத்திரி பகலாகப் படித்து வாங்கின இடத்தை, நான் ஒரு கேள்வி கேட்க மறந்து தொலைத்துவிட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டேன். விதி என்றார்கள். அழுகையே வந்துவிட்டது. இப்ராகிம் அன்றைக்கு எழுந்து முன் மேஜைக்கு வந்தார். "ஓடிபி மெயிலுக்கும் போகும் இல்ல?" என்று கேட்டார்.

போகும். ஆனால் அந்த மெயிலைத் திறந்து கொடுத்தது பிரவுசிங் சென்டர்க்காரர், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டேன் என்று அமுக்கினால், அதே நம்பருக்கு ஆறு இலக்க ரகசிய எண் அனுப்பட்டுமா என்று கேட்டது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வழி இருந்தது: எஸ்எம்எஸ் வேண்டாமென்றால் மெஷின் கூப்பிட்டு வாயால் சொல்லும். கால் வரத் தடையில்லை! உடனே அமுக்கினேன். சிறிது நேரத்தில் ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஒரு பொம்பள இங்கிலீஷ்ல பேசுச்சும்மா. லோன் குடுக்குற கும்பல்னு கட் பண்ணிட்டேன்" என்கிறார்.

விஷயத்தைச் சொல்வதற்குள் குரல் விட்டு விட்டு வந்தது. வருண லிங்கத்தைத் தாண்டிவிட்டாராம். அதற்கு அப்புறம் கொஞ்ச தூரம் அந்தக் கம்பெனி சுத்தமாக எடுக்காது. பௌர்ணமிக்கு அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், ஆள் அனுப்பவும் வழியில்லை. "அண்ணா, அப்படியே அம்பது அடி பின்னாடி வாங்க" என்று கத்தினேன்.

"கிரிவலத்துல பின்னாடி வரக் கூடாதும்மா. அவளுக்குன்னு வேண்டிக்கினு நடக்குறேன், நானே திரும்பி நடந்தா எப்படி?"

மணி நாலு முப்பத்தாறு. வாதம் செய்ய நேரமில்லை. "அப்போ முன்னாடி ஓடுங்க! அடி அண்ணாமலை கோயில் வாசல்ல நல்லா எடுக்கும். அங்க நில்லுங்க. அந்தப் பொம்பள மறுபடி கூப்பிடும். ஸ்பீக்கர்ல போட்டு நம்பரைப் புடிச்சுக்கோங்க" என்றேன். கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, லைன் செத்துவிட்டது. ஐம்பது வயது மனிதர், வெறுங்கால், முன்னால் கூட்டம். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு தடவை போட்டேன், ரிங்கே போகவில்லை.

நாலு நாற்பத்தெட்டுக்கு ரிங் போனது. மூச்சு வாங்கிக்கொண்டு, "வாசல்ல நிக்கிறேன்" என்றார். வைத்துவிட்டு மெஷினைக் கூப்பிடச் சொல்லி அமுக்கினேன். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி நான் கூப்பிட்டேன். "வந்துதும்மா! எழுத ஒண்ணும் இல்லை. பக்கத்துல நின்னவங்கள ஆளுக்கு ரெண்டு நம்பர் ஞாபகம் வெச்சுக்கச் சொல்லிட்டேன். இரு, ஒவ்வொருத்தரா குடுக்குறேன்." முதல் ஆள் சென்னைக்காரர், ஏழு, மூணு என்றார். இரண்டாவது அம்மா ஆந்திரா, நாலுகு, தொம்மிதி என்றார். தெலுங்கு பக்தர்களுக்கு ரீசார்ஜ் போட்டுப் போட்டு அந்த நாலும் ஒன்பதும் எனக்கு அத்துப்படி. மூன்றாவது ஏழுமலையே, இரண்டு சைபர்.

மெயில் திறந்தது. ஓடிபி இருந்தது. கோமதி உறுதி செய்யும் பட்டனை அமுக்கியபோது மணி நாலு ஐம்பத்தாறு. அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன்.

மறுநாள் காலை ஏழுமலை ஒரு கூடை சாமந்தியோடு வந்தார். பாதத்தில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. நான் எழுந்து நின்று, தப்பு என் மேல்தான், சிம் மாற்றும்போது கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் கூடையை மேஜை மேல் வைத்தார். "இன்னாம்மா நீ! அந்தப் பழைய சிம்மு எங்க ஊர் கோயில் வாசல்ல என்னைக்கு எடுத்துது? நீ மாத்தாம விட்டிருந்தா ஓடிபியும் வந்திருக்காது, போனும் வந்திருக்காது, சீட்டு போனதே தெரியாம நான் பாட்டுக்கு ஈசான்ய லிங்கம் வரைக்கும் நிம்மதியா நடந்திருப்பேன்."

அன்றிலிருந்து சிம் மாற்ற யார் வந்தாலும் ஆதார் கேட்பதற்கு முன்னால் வீட்டில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன், பாதிப் பேர் நான் சம்பந்தம் பேசத்தான் விசாரிக்கிறேன் என்று நினைத்து ஜாதகம் கொண்டுவரட்டுமா என்கிறார்கள்.