பெரியக்காவின் நரை

பார்லரில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. அவளைவிட மூத்த முதலாளியம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவாள். தன் வயதைத் தள்ளிவிட ஒரு தலை வேண்டுமல்லவா. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அடுத்தவர் தலைக்குப் பின்னால் நிற்பதே பெரியக்காவின் பிழைப்பு. முகத்தைவிட உச்சி வகிட்டைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆளை அடையாளம் தெரியும்.

டை மேசையில் இரண்டு புட்டிகள் இருக்கும். கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர், "இது ஆக்ஸிஜனேற்றி, அது ஆக்ஸிஜன் ஒடுக்கி" என்று அடைத்த மூக்கோடு ஆரம்பித்துச் சாப்பாட்டு வேளைவரை இழுத்தார். பெரியக்கா அவற்றுக்கு மாமனார், மருமகன் என்று பேர் வைத்துவிட்டாள். மாமனார் ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு சாயம் முடிக்குள்ளேயே பருத்து, கறுத்து, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். மருமகன் வந்தால் கொடுத்ததையெல்லாம் பிடுங்குவார். சாயம் வெளுத்து இளைத்துப்போகும். இளைத்ததை நன்றாக அலசி வெளியே தள்ள வேண்டும். அங்கே சோம்பினால், காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனே போதும், மறுபடி கறுத்துவிடும்.

பெரியக்காவின் கறுப்பும் புட்டிக் கறுப்புதான். நரைத்தவளிடம் யார் டை போட்டுக்கொள்வார்கள் என்பது முதலாளியம்மாவின் கட்சி. ஆனால் இப்போதெல்லாம் போட்ட மறுநாளே மண்டை கொப்பளித்து இமை வீங்கியது. இனி டை பக்கமே போகக் கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொன்னதற்கு முதலாளியம்மா, சரி, போடாதே, ஆனால் வெள்ளைத் தலையோடு முன்னால் நிற்காதே, பின்னறையில் துண்டு மடி என்றாள். பிரஷ் பிடித்த கைக்குத் துண்டா என்று பெரியக்கா வீட்டில் போய் அழுதாள். தன் வழுக்கைக்கு இந்த வம்பே கிடையாது என்று ஆறுதல் சொன்னார் புருஷன்.

வேர் வெள்ளையும் நுனி கறுப்புமாக நின்றால், வேரில் மட்டும் ஒரு தீட்டு என்று பிரஷை நீட்டுவாள் முதலாளியம்மா. அதனால் மொத்தக் கறுப்பையும் எடுத்துவிடப் பெரியக்கா முடிவு செய்தாள். புண் ஆறியதும், முதலாளியம்மா வெளியே போன ஒரு சாயங்காலம், கூட வேலை பார்க்கும் சின்னவளிடம் மருமகனைத் தடவச் சொன்னாள். அழுகிய முட்டை நாற்றம் கடையைத் தூக்கியது. அலச அலசக் கறுப்பு போய், பழம்பஞ்சு நிறத்தில் நரை வந்தது.

"இன்னும் அலசணும்லக்கா?"

மற்றவர் தலையென்றால் இந்தக் கேள்விக்கே திட்டியிருப்பாள். ஆனால் அன்று முழுக்க நின்ற கால், பேசின் விளிம்பில் நசுங்கும் கழுத்து, வீட்டில் உலை வைக்க வேண்டும்.

"போதும்டி, விடு. உசுரு போகுது."

காலையில் தலை மறுபடி கறுத்திருந்தது. "என்ன, மாப்பிள்ளை ராத்திரியோட ராத்திரியா கெளம்பிட்டாரா?" என்றார் புருஷன். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பெரியக்கா கடைக்குள் நுழைந்ததும் முதலாளியம்மாவுக்கு முகமெல்லாம் பல். புதிதாக டை போட்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். "இப்பவாவது புத்தி வந்துச்சே. பத்து வயசு கொறஞ்சு போச்சு பாரு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கொஞ்ச நாளைக்கு பிரஷ் அவள் கையிலேயே இருக்கும். பிறகு வேர் வெளுக்கும். மறுபடி டை, மறுபடி புண். நினைக்கவே அலுப்பாக இருந்தது. நேராகப் போய் பேசின் நாற்காலியில் சாய்ந்து சின்னவளைக் கூப்பிட்டாள்.

"மருமகனை எடுடி. இந்தத் தடவ நான் தூங்கிட்டாலும் தண்ணிய நிறுத்தாத."

தடவி, ஊறி, தண்ணீர் விழத் தொடங்கும்வரை முதலாளியம்மா இடுப்பில் கைவைத்தபடியே நின்றாள். "பெரியக்கா, நான் வெளையாட்டுக்குச் சொல்லல. வெள்ளத் தலையோட எந்திரிச்சா துண்டு ரூம்தான்."

பெரியக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அங்க உக்காந்து மடிக்கலாமா?"

முதலாளியம்மாவுக்குச் சுருதி இறங்கிவிட்டது. நாற்காலி ஒன்று கிடக்கிறது என்றாள்.

"அப்ப நல்லா அலசுடி."