கைத்துவக்கும் கறளும்

இரும்பைக் காக்கிற வேலையில் எதிரி சத்தமே போடாமல்தான் வரும். லண்டன் ஈரத்துக்குச் சைக்கிள் செயினையும் கேட் பிணைச்சலையும் பறிகொடுத்த உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். எங்கள் ஊரில் அதைக் கறள் என்போம். இந்திய நண்பர்கள் துரு என்பார்கள். வட லண்டனில், எட்மண்டனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். நாடகத்துக்கும் படத்துக்கும் வாடகைக்குப் போகிற, சுட முடியாதபடி செயலிழக்க வைத்த பழைய கைத்துவக்குகள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, ஈரம் அண்டாமல் வைப்பது என் பாடு.

தோலுறை

வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர், செயலிழக்க வைத்த தன் தகப்பனின் கைத்துவக்கை விற்கக் கொண்டுவந்தார். தகப்பன் போருக்குப் போய்த் திரும்பியவராம். அவர் வைத்த அதே தோலுறைக்குள்ளேயே மகளும் அதை அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்தார். உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் நிறம். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இரும்பை அதற்குள் விட்டால் அரித்துவிடும், இரண்டையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அவர் கறளை விரலால் மெல்லத் தடவினார். "வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அப்பாவும் அப்படித்தான்" என்றார்.

பெருவிரல்

மாதக்கணக்கில் ஓடிய ஒரு நாடகத்துக்குத் துவக்குக் கொடுத்திருந்தோம். இடையிடையே போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பெருவிரல் அளவுக்குக் கறள். வியர்வை உப்பின் வேலை. நாடகத்தில் தம்பியைச் சுடுகிற அண்ணனாக நடித்தவரிடம் துணியைக் கொடுத்து, மேடையை விட்டு வந்ததும் துடைத்துவிடச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த முறை போனால் அதே அடையாளம்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று திரைக்குப் பின்னால் காத்து நின்றேன். சுட்டு முடித்து உள்ளே வந்தவர் துவக்கை மேசையில் போட்டுவிட்டு நேரே போய், தம்பியாக நடித்த பொடியனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானே எடுத்துத் துடைத்தேன். அதைக் கண்டு பக்கத்தில் வந்தவர் சொன்னார்: "நடிப்பென்று எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை."

சிவம் அண்ணை

எங்கள் வான் ஓட்டுகிற சிவம் அண்ணை, சுவிசில் இருந்துவிட்டு இங்கே லண்டன் மனோர் பார்க்குக்கு வந்தவர். எந்தப் பெட்டியையும் தூக்குவார். துவக்கு அறைக்குள் மட்டும் கால் வைக்கமாட்டார். ஊரில் அவருடைய தமையனை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். யார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு நவம்பர் மழையில் ஈரம் உறிஞ்சுகிற மெஷின் நின்றுபோனது. காலையில் திறந்தால் தட்டுத் தட்டாகக் கறள் பூத்திருக்கிறது. மத்தியானம் படப்பிடிப்புக்கு அனுப்ப வேண்டும். நான் தனியே கிடந்து மாய்வதைக் கதவடியில் நின்று பார்த்தார்.

"தம்பி, அந்தத் துணியைத் தாரும்."

"அண்ணை, ஏலாட்டி விடுங்கோ."

"ஏலும். தாரும்."

உள்ளே வந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். ஒன்றையும் அரைகுறையாக விடவில்லை. முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினார். நன்றி சொல்லப் போனேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உதெல்லாம் கறள் பிடிச்சு உக்கிப்போகவேணுமெண்டு கும்பிட்ட ஆள் நான். இண்டைக்கு உமக்காகத்தான் துடைச்சனான்."

கறளை விரட்டச் சம்பளம் வாங்குகிற நான் சில நாட்களில் கறளின் பக்கம்தான் நிற்கிறேன் என்பதை முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.