சுவருக்கு ஒரு மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளுக்காகத் திண்டுக்கல் கடைவீதியில் மெழுகுவர்த்தி வாங்கினேன். அந்த வாசனை வந்தாலே எனக்கு அம்மா ஞாபகம்தான்.

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நெஞ்சுயரச் சுவர் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் பெரிய சாதிக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கப்பலேறி வந்த வெள்ளைக்காரச் சாமியார்கள் எல்லாருக்கும் ஒரே ஞானஸ்நானம்தான் கொடுத்தார்கள். பிறகு, பெரிய சாதிக்காரர்கள் கிறிஸ்தவ வேதத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்து இந்தச் சுவரையும் கட்டிக் கொடுத்தார்கள்.

அப்போது நான் சிறு பிள்ளை. அம்மா தாத்தாவின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். இன்னொன்றைச் சுவரின் அடியில், எங்கள் பக்கமாக நட்டாள். அந்தப் பக்கம் நின்ற கோயில் உபதேசியார் எட்டிப் பார்த்தார்.

"ஏ மரியா, சுவத்துக்கடியில யாருடி கெடக்கா?"

"யாருமில்ல. இந்தச் சுவரு சாகணும்னு வேண்டி இப்பவே ஏத்துறேன்."

"அம்புட்டுத் திமிரா? அணைடி அதை!"

"நீங்களே இந்தப் பக்கம் வந்து அணைங்க."

அவர் வரவில்லை. மெழுகுவர்த்தி கடைசிவரை எரிந்தது.

அம்மா இப்போது இந்தப் பக்கம்தான் கிடக்கிறாள். சுவரும் நிற்கிறது, புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் முதல் மெழுகுவர்த்தி அதற்குத்தான். அம்மாவுக்கு இரண்டாவது. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.