துரைக்கு டீ கொண்டுபோன காட்சி

எஸ்டேட் பங்களாவில் நான் வாட்ச்மேன். போன வருடம் அங்கே ஓர் இங்கிலீஷ் படம் எடுத்தார்கள். வயதான துரையாக நடிக்க லண்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பாதி வாழ்நாளை நாடக மேடையில் கழித்தவர், ராஜா வேஷமெல்லாம் கட்டியவர், அப்புறம் சினிமாவிலும் பெரிய பெயர் என்று உதவி டைரக்டர் சொன்னாள். சேலத்துப் பெண்.

டீ கொண்டுவரும் வேலையாளாக நடிக்க ஆள் வரவில்லை. என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வசனம் கிடையாது. அவர் ஜன்னலைப் பார்த்து நிற்பார், நான் தட்டோடு வரவேண்டும், அவர் திரும்புவார். அவ்வளவுதான்.

ஒத்திகையிலேயே கை நடுங்கிக் கப்பும் சாசரும் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அத்தனை பெரிய நடிகரின் காட்சியை என் கை கெடுத்துவிட்டால்? வீட்டுக்குப் போயும் தட்டில் டம்ளரை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன்.

"ஏனுங்க, டீதானுங்களே கொண்டுபோறீங்க, தேரா இழுக்கறீங்க? ஊட்டுக்குள்ள இப்படி நடந்தா எனக்குத் தல சுத்துது" என்றாள் மனைவி.

"கப்பு நொம்ப ஆடுது."

"ஆடுனா அடியில ஒரு துணியப் போடுங்க. மொதல்ல சோத்தத் தின்னுங்க."

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கப்புக்கு அடியில் துணியை மடித்து வைத்தேன். உள்ளே போனேன். சத்தமே இல்லை. அவர் ஜன்னலைப் பார்த்து நின்றார். நானும் நின்றேன். அவர் திரும்பவில்லை. வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிடலாமா? வசனம் கிடையாதே. 'கட்' என்றார்கள்.

அந்தப் பெண் ஓடிவந்தாள். "ஏனுங்கண்ணா, நேத்து கடகடன்னு வந்துச்சே, இன்னைக்கு எங்கீங்க?"

"துணி வெச்சுட்டேன் கண்ணு. நடிப்புக் கெட்டுருமேன்னு."

"அவருக்கு முதுகுலயா கண்ணு இருக்குது? அந்தச் சத்தத்துக்குத்தானுங்க திரும்புவாரு. மேடையில பழகுன காதுங்கண்ணா."

நடிகர் வந்தார். கப்பைத் தூக்கித் துணியை உருவிக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள்: "மேடை ஏறுனா இன்னமும் அவருக்குக் கை நடுங்குமாமா. அதான் பாக்கெட்டுல உட்டுக்கறாராமா. உங்க கையில தட்டு இருக்குதே, பாவம்ங்கறாரு."

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதுவே வேறு பயமாகிவிட்டது. தைரியம் வந்து, இப்போது கை ஆடாமல் நின்றுவிட்டால்?

அந்தக் கவலையோடுதான் உள்ளே போனேன். கப் நேற்றைவிடப் பலமாக அடித்துக்கொண்டது. அவர் திரும்பினார்.